ஈயக் கயிற்றை அவிழ்த்த சிவப்பு அட்டை

திருமதி இராசேஸ்வரி சண்முகரத்தினம் அவர்களின் பணி ஓய்வு விழாவில் வாசித்து, சட்டமிட்டு வழங்கப்படும் பாராட்டு மடல்
பிரிக்பீல்ட்ஸ், 30 அக்டோபர் 1999

குருதித் துளிக்குள் குறிப்பறிந்த குணவதியே! சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டாண்டு தள்ளி வரப்போகும் நோயை இன்றைக்கே கண்டு சொன்ன தொலைநோக்கே! பெந்தோங்கில் தொடங்கி, காஜாங்கில் தொடர்ந்து, கிள்ளானில் கனிந்த முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில், ஒருவர் புட்டியில் இன்னொருவர் பெயரை ஒட்டாத ஒப்பற்றவரே! பின்வாசல் வழியே வந்தவர்களை முன்வாசல் மரியாதையோடு வரவேற்ற பெருந்தகையே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய ஆய்வுக்கூட அம்மையே! வணக்கம், வணக்கம், மூன்றாம் முறையும் வணக்கம்!

இம்மடல் முழுவதையும் 'தாங்கள், தங்கள்' என்றே எழுத எண்ணினோம். ஆனால் தங்களை எதிரில் வைத்துக்கொண்டு எதைச் சொன்னாலும், "அது அப்படி இல்லை, தேதி பிழை" என்று எழுந்து திருத்துவது தங்கள் வழக்கம். இன்றைக்குச் சமையல்காரர் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிடுவார், திருத்தங்களுக்கு நேரமில்லை. ஆகவே கதை முடியும்வரை தங்களை 'அம்மையார்' என்று அந்தப் பக்கம் உட்கார வைக்கிறோம். அங்கே இருப்பவர்கள் கேட்கலாம், குறுக்கிடக் கூடாது. கதை முடிந்ததும் மாலையோடு திரும்ப அழைத்துக்கொள்கிறோம்.

அம்மையாரின் நேரந்தவறாமையை முதலில் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விட்டு அவர் கிளம்புவது காலை ஆறு மணி ஐந்து நிமிடம். கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயில் வந்த புதிதில், அது அவருக்குத் தாமதமாக வந்தது ஒரே ஒரு நாள். அன்று அவர் நடைமேடையில் நின்று ரயிலை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து ரயில் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, அவர் ஏறும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஒரு மழைக்காலத்தில் கிள்ளான் ஆறு பெருகி ஆய்வுக்கூட வாசல்வரை வந்தது. "மாதிரிகள் இருக்கிற இடம். செருப்போட வரக்கூடாது" என்றார் அம்மையார். தண்ணீர் சற்று நேரம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. இவ்விரண்டுக்கும் சாட்சிகள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள்; கேட்டால் இல்லை என்பார்கள், அது அவர்கள் அடக்கம்.

இனி மெய்யான அதிசயத்துக்கு வருகிறோம்.

எங்கள் கிளினிக் எந்த மருத்துவமனையில் உள்ளது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதன் கதவில் பெயரும் கிடையாது, எண் மட்டும்தான்: பதினான்கு. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வருவார்கள். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மருந்தகத்துக்குப் பின்னாலிருக்கும் வழியாக வருவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்களைப் பற்றி எங்களிடம் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த வெள்ளிக்கிழமை வருவார்களா? அதற்கு மேல் நீட்டிக் கேட்க எங்களில் எவருக்கும் துணிச்சல் இல்லை.

பிறகு மருந்துகள் வரத் தொடங்கின! மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் மனிதர் எழுந்து நடக்கிறார் என்ற செய்தி 1996இல் வந்தது; 1997இல் மருந்தே வந்தது. எங்கள் கிளினிக்கின் தலைவி டாக்டர் மார்க்கிரட் அந்த முதல் பெட்டியைப் பிரித்தபோது, பிறந்த குழந்தையைக் கையில் வாங்குபவரைப் போல வாங்கினார். ஆனால் புதிய மாத்திரையில் ஒரு வில்லங்கம் இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில், குடம் குடமாகத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் கல் கட்டும். நோயே ஒரு பக்கம் சிறுநீரகத்தைக் கடிக்க, மருந்தும் மறு பக்கம் கடித்தால் என்ன செய்வது? யாருடைய சிறுநீரகம் தாங்கும், யாருடையது தாங்காது? இதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

"முடியும்" என்றார் அம்மையார். ஒரு வாரம் ஆய்வுக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் கையில் ஓர் அட்டை இருந்தது.

ஏழே கேள்விகள். வயது என்ன, எடை என்ன, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ன, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, நோயை எதிர்க்கும் அணுக்கள் எத்தனை மிச்சம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டினால் நிறம்: பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் மாதம் ஒரு முறை பார், சிவப்பு என்றால் மருந்தை மாற்று, மனிதரை விடாதே. இரண்டாண்டுக்குள் சிறுநீரகம் தளரப்போகிறவர் யார் என்பதை அந்தச் சிவப்பு சொல்லும்.

அந்த ஏழில் மிகவும் சாதுவாக உட்கார்ந்திருந்தது எடை. ஆனால் அம்மையாருக்கு அதன்மேல்தான் கண். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் ஏறும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோய் உருக்கிய உடம்பில் தசையே இல்லையே! கழிவும் குறைவாகத்தான் வரும். அப்போது தாளில் எண் நன்றாக இருக்கும், உள்ளே சிறுநீரகம் நன்றாக இராது. எடையும் வயதும் தெரிந்தால்தான் அந்த எண்ணின் குட்டு வெளிப்படும். "எடையில பிழை விட்டால் அட்டையைக் கிழிச்சு எறியலாம்" என்று அவர் சொல்லாத நாளில்லை.

அந்த எடை எப்படி எடுக்கப்பட்டது என்பதில்தான் எங்கள் கிளினிக்கின் வழக்கமொன்று குறுக்கே வந்து விழுந்தது.

எடை பார்க்கும் எந்திரம் நடைபாதையில் இருந்தது. அதன் பொறுப்பு, இதோ முதல் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் எங்கள் உதவியாளர் வீரம்மா அவர்களுடையது. வீரம்மாவின் நெஞ்சு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. யாராவது ஒரு கிலோ ஏறியிருந்தால் போதும்: "ஐயோ சாமி, ஏறிட்டீங்களே அண்ணே! எல்லாரும் பாருங்க! வாங்க, ஒரு அன்னாசி டார்ட் எடுத்துக்குங்க!" வீட்டில் தாமே சுட்டு டின்னில் அடைத்துக் கொண்டுவருவார். இறங்கியிருந்தாலோ டின் மூடிக்கொள்ளும்: "என்ன அக்கா இது? வீட்ல சோறு இல்லையா? அடுத்த மாசம் இந்தக் கன்னத்தோட வந்தீங்க, நான் பேச மாட்டேன் லா!"

எல்லாம் பாசம்தான். சொந்த வீட்டில் தட்டும் குவளையும் தனியாக வைக்கப்பட்டவர்களுக்கு, பேச மாட்டேன் என்று ஒருவர் செல்லமாகக் கோபித்துக்கொள்வது எத்தனை பெரிய விஷயம்! அந்த ஆண்டு எங்கள் கிளினிக்கில் எல்லோருக்கும் எடை ஏறியது. ஒருவர் விடாமல் ஏறியது. டாக்டர் மார்க்கிரட் முன்பே கொடுத்துவந்த மருந்தின் மகிமை என்று எண்ணினார். வீரம்மா டார்ட்டின் மகிமை என்று எண்ணினார். அம்மையார் ஒன்றும் எண்ணவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எங்கேயோ ஏதோ சரியில்லை என்று பொருள்.

1997 அக்டோபர். புதிய மாத்திரை பன்னிரண்டு பேருக்கு மட்டுமே வந்திருந்தது. அடுத்து வரும் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவர் காப்பாரிலிருந்து வருபவர். மீன் லோரி ஓட்டுபவர். வயது நாற்பத்து நான்கு. பெயரைச் சொல்லலாம் என்று அவரே சொன்னார். சொல்லக்கூடாது என்று நாங்கள் சொன்னோம். ஊரில் அவருக்குக் குடும்பம் இருக்கிறது, ஊருக்கு வாய் இருக்கிறது. ஆகவே இங்கே அவர் 'காப்பார் அண்ணன்'.

காப்பார் அண்ணனின் அட்டை மஞ்சள். எடை ஐம்பத்தாறு கிலோ, கிரியாட்டினின் நூற்றுப் பதினைந்து, தாளில் அது நல்ல எண். கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஐம்பத்தெட்டில் நின்றது. அம்மையார் கிழித்த கோடு ஐம்பது. கோட்டுக்கு மேலே எட்டு. கவலையில்லை, கொடுக்கலாம் என்றது அட்டை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் இரத்தம் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னார் அம்மையார். அவர் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் இரண்டும் விரிந்து, முதுகு பிளந்து, அவர் தரையில் இருந்தார். விழுந்த ஓசை மனிதர் விழுந்த ஓசையாக இல்லை. இரும்புக் கடையை யாரோ இடம் மாற்றிய ஓசையாக இருந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பதிலுக்கு ஊதியது என்று சொல்பவர்களும் உண்டு.

"அடி பட்டதோ?"

"இல்ல அக்கா, ஒண்ணும் இல்ல. நாற்காலி பழசு லா."

"உந்தக் கதிரையிலதான் வீரம்மா தினமும் இருக்கிறவ. அவவுக்கு உடையாதது உங்களுக்கு எப்பிடித் தம்பி உடையும்?"

"தெரியல அக்கா. நான் வேணும்னா வேற வாங்கித் தரேன்."

அவர் எழுந்தபோது அம்மையாரின் கண் இரண்டு இடத்தில் நின்றது. கைக்கடிகாரம் மணிக்கட்டில் நில்லாமல் முழங்கைக்கு ஏறியிருந்தது. சிறுநீர்ச் சோதனைத் தாளிலோ, புரதம் இரண்டு கூட்டல் குறி காட்டியது. இரண்டு மாதத்தில் நான்கு கிலோ ஏறிய மனிதருக்குக் கடிகாரம் ஏன் கழன்று ஓடுகிறது?

அம்மையார் நேரே டாக்டரிடம் போனார். இருவரும் யாழ்ப்பாண வழி வந்த பிரிக்பீல்ட்ஸ்காரர்கள். ஒரே பள்ளியில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்து எழுதியவர்கள். ஆகையால் பதவி வித்தியாசம் பார்க்காமல் சண்டை போடுவார்கள்.

"மார்க்கிரட், காப்பார்க்காரருக்குத் திங்கட்கிழமை மருந்து குடுக்காதையும்."

"உமக்கென்ன வந்தது? நீர் போட்ட அட்டைதானே குடுக்கலாம் எண்டு சொல்லுது."

"என்ர அட்டை பொய் சொல்லுது."

"ராசேஸ், பன்னிரண்டு பேருக்கு எண்டு கையெழுத்துப் போட்டு மருந்து எடுத்திருக்கிறன். அவருக்கு எதிர்ப்பணு நாற்பதுதான் மிச்சம். மருந்து குடுக்காட்டி அந்த மனிசன் பொங்கல் பார்க்க மாட்டான். அது விளங்குதோ உமக்கு?"

"குடுத்தால் சிறுநீரகம் போயிடும். இது விளங்குதோ உமக்கு?"

இருவரும் சரி. அதுதான் கொடுமை. கொடுக்காவிட்டால் தொற்று கொல்லும், கொடுத்தால் சிறுநீரகம் போகலாம். எது என்று சொல்ல வேண்டிய எண்ணோ பொய் சொல்கிறது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறும்" என்றார் அம்மையார். "அதுக்குள்ள சரியான எடை தாறன்." டாக்டர் பொறுத்தார்.

வெள்ளிக்கிழமை. நடைபாதையில் நாற்பது பேர். எந்திரத்துக்குப் பக்கத்தில், துணி ஊறவைக்கும் பெரிய அலுமினியப் பேசின் ஒன்றை வைத்தார் அம்மையார். எவரையும் அவர் பார்க்கவில்லை, எவர் பையையும் தொடவில்லை. தாமே தம் கைப்பையோடு எந்திரத்தில் ஏறி நின்று, வீரம்மாவை உரக்க வாசிக்கச் சொன்னார்.

"அறுபத்து மூணு, மிஸி!" வீரம்மாவுக்கு மருத்துவமனைப் பெண்கள் எல்லோரும் 'மிஸி'தான்.

அம்மையார் கைப்பையைத் திறந்தார். குடையை எடுத்துப் பேசினில் போட்டார். மூன்றடுக்குச் சோற்றுப் பாத்திரம், சாவிக் கொத்து, காகிதம் பறக்காமல் வைக்கும் பித்தளை யானை, தையல் கத்தரி, ஒரு கிலோ காய்ந்த மிளகாய், காரணம் சொல்ல முடியாத ஒரு குறடு. கடைசியில் பையையும் போட்டார்.

"ஐம்பத்தாறு!"

"ஏழு கிலோ பொய்" என்று நடைபாதைக்கு அறிவித்தார் அம்மையார். "முப்பத்திரண்டு வருசம் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற நானே ஏழு கிலோ பொய். இனி உங்கட முறை. ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்கத் தேவையில்லை. பேசினைப் பார்த்தால் காணும்."

யாரும் அசையவில்லை. பிறகு ஓர் அக்கா முன்னால் வந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு குத்துவிளக்கின் அடிப்பாகத்தை எடுத்துப் பேசினில் வைத்தார். டங்! அவ்வளவுதான், அணை உடைந்தது! மோட்டார் சைக்கிள் சங்கிலி வந்தது. இரண்டு டின் பால் வந்தது. கால்சட்டைப் பையிலிருந்து நட்டும் போல்ட்டும் கொட்டின. ஓர் அங்கிள் தொப்பியைக் கழற்றினார், உள்ளே கால் கிலோ உப்பு. குழவி ஒன்றும் வந்தது; அதன் அம்மி அன்று யார் வீட்டிலோ தனியாகக் கிடந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பரவி, அந்த நடைபாதையில் நாற்பது பேர் ஒன்றாகச் சிரித்ததை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டோம். பேசினைத் தூக்கி எந்திரத்தில் வைத்தால் முப்பத்தெட்டு கிலோ காட்டியது. பதிவறை எழுத்தர் தம்புசாமி அதற்கும் ஓர் அட்டை எழுதினார்: வயது தெரியவில்லை, எடை முப்பத்தெட்டு, சிறுநீர் கொடுக்க மறுப்பு.

சிரிக்காதவர் வீரம்மா ஒருவர்தான். டார்ட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் என்னாலதானே, மிஸி? நான் சத்தம் போட்டதாலதானே இவங்க இப்படி..."

"அழாதேங்கோ வீரம்மா. அவையள் உங்கட முகம் வாடக்கூடாது எண்டு குழவியைச் சுமந்துகொண்டு வந்திருக்கினம். எனக்காக ஒருத்தரும் ஒரு குண்டூசி சுமந்ததில்லை. ஒண்டு மட்டும் செய்யுங்கோ. இனி ஏறினாலும் ஒரு டார்ட், இறங்கினாலும் ஒரு டார்ட்."

அன்று முதல் அதுவே எங்கள் சட்டம். இன்றுவரை அந்தச் சட்டத்தை மீறியவர் இல்லை. டார்ட் விஷயத்தில் மீறுவதற்கு யாருக்கும் காரணமும் இல்லை.

எல்லோரும் தத்தம் சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, நடைபாதையின் கடைசியில் காப்பார் அண்ணன் நின்றார். சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார்.

"தம்பி, பேசின் காலியாத்தான் இருக்கு" என்றார் அம்மையார்.

"அக்கா, எடை கொறஞ்சா பேரை வெட்டிடுவாங்கன்னு பின் பெஞ்சுல பேசிக்கிட்டாங்க. பன்னண்டு பேருக்குத்தானே மருந்து. மெலிஞ்சவனுக்குக் குடுத்து வேஸ்ட் பண்ண மாட்டாங்கன்னாங்க."

"ஆர் அந்தப் பின் பெஞ்சு டாக்டர்? நான் ஒருக்காப் பார்க்க வேணும். நீங்கள் முதல்ல அதைக் கழற்றுங்கோ."

அவர் சட்டையைத் தூக்கினார். மீன்வலையின் அடியில் கோப்பார்களே, ஈயக் குண்டுக் கயிறு. அது அவர் இடுப்பைச் சுற்றி மூன்று சுற்று சுற்றியிருந்தது. தோலில் வரிசையாகப் பதிந்த குழிகள். அவிழ்த்துப் பேசினில் விட்டபோது அது இறங்க நெடுநேரம் ஆனது.

"முதுகு நோகேல்லையோ?"

"ரொம்ப வலிக்கும் அக்கா. அதுக்குத்தான் கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கறேன். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எடை கூட்ட ஈயம். ஈயம் சுமந்ததால் முதுகு வலி. முதுகு வலிக்கு மாத்திரை. அந்த மாத்திரையோ சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாதது! மூன்று சுற்றுக் கயிறு அவர் இடுப்பை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றியிருந்தது. எந்திரம் நாற்பத்தேழு என்றது. அம்மையார் நின்றபடியே கணக்குப் போட்டார். ஐம்பத்தெட்டு நாற்பத்தெட்டாக இறங்கியது. கோட்டுக்குக் கீழே இரண்டு. மஞ்சள் அட்டையைக் கிழித்தார்; சிவப்பு அட்டையை எடுத்து எழுதினார்.

"இது என்ன கலர் அக்கா? என்னை வெட்டிட்டீங்களா?"

"இல்லைத் தம்பி. உங்களை விடமாட்டம் எண்டதுதான் இந்த நிறம். இப்பிடியே விட்டால் ரெண்டு வருசத்தில உங்கட சிறுநீரகம் பழுதாப் போகும். அதைச் சொல்லுறதுதான் இந்த அட்டை."

காப்பார் அண்ணன் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அம்மையார் அழுகையை எதிர்பார்த்தார். வந்தது வேறு.

"ரெண்டு வருஷமா? அப்ப... ரெண்டு வருஷம் நான் இருப்பேனா அக்கா?"

அன்புடையீர்! அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில்தான் அட்டையின் அருமை எங்களுக்கே உறைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மேல் எவரும் அவரிடம் பேசியதில்லை. மருத்துவர் பேசியதில்லை, வீட்டார் பேசியதில்லை, அவரே தம்மிடம் பேசிக்கொண்டதில்லை. இரண்டாண்டு கழித்து உமக்கு இன்ன தொல்லை வரும் என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னால், இரண்டாண்டு நீர் இருப்பீர் என்று எழுதிக் கொடுத்ததாகத்தானே பொருள்! கெட்ட செய்தியாக எழுதிய அட்டையை அவர் நல்ல செய்தியாக வாசித்தார். வாசித்தது சரியாகவும் இருந்தது!

"ரெண்டோ?" என்றார் அம்மையார். "அட்டையின்ர மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. பத்து வருசத்துக்குக் கட்டம் போட்டு வச்சிருக்கிறன். எல்லாத்தையும் நிரப்ப நீங்கள்தான் வரவேணும். நான் தனிய நிரப்பேலாது."

திங்கட்கிழமை மருந்து தொடங்கியது. பன்னிரண்டு பேரில் மூவர் சிவப்புக்கு மாறியிருந்தார்கள். அம்மூவருக்கும் டாக்டர் மார்க்கிரட் அந்த மாத்திரையை விட்டு வேறொரு சேர்க்கையைக் கொடுத்தார். யாருடைய பெயரும் வெட்டப்படவில்லை. கடை மாத்திரை நின்றது. ஈயக் கயிறு நின்றதால் முதுகு வலியும் தானே நின்றது.

அந்த வாரமே அம்மையார் எங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரையும் புதிதாக எடைபோட்டு, புதிதாக அட்டை எழுதி, இரண்டாண்டில் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, அரக்கு வைத்து, டாக்டரின் இரும்பு அலமாரியில் பூட்டினார். சென்ற வாரம் அதைத் திறந்தோம்! பத்தொன்பது பேர் சிவப்பு. கவனிக்காமல் விட்டால் அவர்களில் பதினொருவருக்குச் சிறுநீரகம் தளரும் என்று எழுதியிருந்தது. தளர்ந்தது மூவருக்கு. இருவர் இப்போது நம்மோடு இல்லை. அவர்களை எடுத்துச் சென்றது சிறுநீரகம் அன்று, காசநோய். அவர்கள் அட்டைகளை இன்னும் நாங்கள் அடுக்கிலிருந்து எடுக்கவில்லை. பச்சையும் மஞ்சளுமாக இருந்த தொண்ணூற்று மூவரிலோ, அட்டை பார்க்கத் தவறியது இருவரை மட்டுமே.

தாளைப் பார்த்து எல்லோரும் கைதட்ட, அம்மையார் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "பதினொண்டு எண்டு சொன்னன், மூண்டுதான் வந்திருக்கு. என்ர கணக்கு மோசம்."

"ராசேஸ், உமக்குப் பதினொரு பேரும் விழுந்திருந்தால்தான் சந்தோசமோ?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மையார் சிறிது நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதுதான் அவர். பிறகு சொன்னார்: "இல்லை. ஆனால் மற்ற எட்டுப் பேரும் அட்டையால தப்பினவையோ, என்ர பிழையால தப்பினவையோ எண்டு தெரியவேணும். இன்னும் நாலு இடத்தில செய்து பார்க்க வேணும்."

நாலு இடமா, அம்மையே? இதோ, கதை முடிந்தது. தங்களை இந்தப் பக்கம் திரும்ப அழைத்துக்கொள்கிறோம். இந்த மடல் எழுதி முடித்து மை உலர்வதற்குள் தொலைபேசி அடித்தது. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மைப் போலவே பெயரில்லாக் கதவு வைத்திருக்கும் ஆறு கிளினிக்குகள் தங்கள் அட்டையைக் கேட்டிருக்கின்றன! ஆறு! பிறக்கப் போகும் ஆண்டின் முதல் வெள்ளிக்கிழமை தொடக்கம்! ஆறு எடை எந்திரங்கள், ஆறு அலுமினியப் பேசின்கள்! வீரம்மா இப்போதே ஆறு டின் தேடிக்கொண்டிருக்கிறார். அட்டையைச் சொல்லிக்கொடுக்கத் தாங்கள் வருவீர்களா என்றும் கேட்டார்கள். ஐம்பத்தைந்து வயதோடு அரசாங்கம் தங்களை அனுப்பி வைக்கிறது. நாங்கள் அரசாங்கம் இல்லை. ஆகவே வருவார் என்று சொல்லிவிட்டோம்.

முன்கூட்டிச் சொல்லும் கலையைத் தங்களிடம் பயின்றதால், நாங்களும் துணிந்து சிலவற்றை எழுதி வைக்கிறோம். இந்த வரி வாசிக்கப்படும்போது தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். தொண்ணூற்று மூன்று என்ற எண்ணைச் சரிபார்க்க நூற்றுப் பன்னிரண்டிலிருந்து பத்தொன்பதை மனத்துக்குள் கழித்தும் முடித்திருப்பீர்கள். நாளை மறுநாள் காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பழக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவீர்கள். கிளம்புங்கள், ரயில் கதவைத் திறந்துகொண்டு நிற்கும், அதற்குத் தாங்கள் ஓய்வு பெற்ற செய்தியை யாரும் சொல்லவில்லை.

அகவை நூறு ஆனாலும் அழுத்தம் ஏறாமலும், சர்க்கரை சேராமலும், சிறுநீரகம் இரண்டும் சிறு பிள்ளைகளைப் போல் சுறுசுறுப்பாய் ஓடியாடவும், கணவர் சண்முகரத்தினம் அவர்களோடும் பிள்ளைகளோடும் தாங்கள் நிறைந்து வாழ வேண்டும் என வாழ்த்துகிறோம். தங்கள் அட்டை என்றும் பச்சையாய் இருக்கட்டும்!

ஒரே ஒரு எச்சரிக்கை. இம்மடலின் சட்டத்தைச் சுற்றி ஓர் ஈயக் குண்டுக் கயிறு மூன்று சுற்றாகப் பதிக்கப்பட்டுள்ளது. அதற்குரியவரே விரும்பிக் கொடுத்தது. ஒன்பது கிலோ இருக்கும். சுவரில் மாட்டுகையில் பெரிய ஆணியாக அடிக்கவும்.

இவண், தங்கள் பதினான்காம் எண் கதவுக்காரர்கள்:

மார்க்கிரட், மருத்துவர்
வீரம்மா, உதவியாளர் (டார்ட் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும்)
தம்புசாமி, பதிவறை
இன்றைய விழாவுக்குக் காப்பாரிலிருந்து இருநூறு நாற்காலிகளை லோரியில் ஏற்றிவந்து, தாமே இறக்கிப் போட்டு, இப்போது கூடத்தின் கடைசி வரிசையில் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவர்: அறுபத்தொரு கிலோ, இடுப்பில் ஒன்றுமில்லை. நாற்காலி உடையவில்லை.